தலை முன்னால் தள்ளியிருக்கிறதா? கழுத்துப் பிசியோதெரபி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டாகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இயன்முறை சிகிச்சை என்று தமிழில் எழுதுவார்கள். ஆனால் என்னிடம் வருபவர்கள் பிசியோ என்றுதான் சொல்கிறார்கள். சமூக மன்றங்களில் கழுத்து, முதுகு பற்றித் தமிழில் பேசப் போவதுண்டு. பேச்சு முடிந்து தேநீர் ஊற்றும் நேரத்தில் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்று தொடங்குவார்கள். கேட்பவர்தான் வேறு, கேள்வி பெரும்பாலும் அதேதான். பலருடைய குரலில் பயம் இருக்கும். அந்தப் பயம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பாதிக்கு மேல் அது தேவையில்லாதது. அதனால் அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே, இங்கே எழுதிப் பதில் சொல்கிறேன்.

தலை முன்னால் தள்ளியிருப்பது என்றால் என்ன? எனக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், காது ஏறக்குறைய தோள்மூட்டுக்கு நேர் மேலே இருக்கும். சிலருக்கு அது தோளைத் தாண்டி முன்னால் போயிருக்கும். கழுத்தின் கீழ்ப்பகுதி முன்னால் சாய்ந்துவிடும். கண் எதிரே பார்க்க வேண்டுமே, அதற்காக மேல்பகுதி பின்னால் மடங்கும். அதனால் மோவாய் துருத்திக்கொண்டு நிற்கும். இதுதான் தலை முன்தள்ளிய நிலை.

வீட்டில் பார்க்க எளிய வழி சுவர்தான். குதிகால்களைச் சுவரிலிருந்து சில விரற்கடை தள்ளி வைத்து, பிட்டமும் மேல்முதுகும் சுவரில் படும்படி நில்லுங்கள். மோவாயை உயர்த்தாமல் பின்தலை சுவரைத் தொடுகிறதா? தொட்டால் நல்லது. தொடவில்லை என்றால் எத்தனை விரல் இடைவெளி என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லிக் குறித்து வையுங்கள். கடைசிக் கேள்வியில் இந்தச் சுவர் சோதனை மறுபடியும் வரும்.

நாங்கள் பக்கவாட்டுப் புகைப்படம் எடுத்துக் கோணம் அளப்போம். குனியும்போது பிடரியின் அடியில் முண்டு போல ஓர் எலும்பு தட்டுப்படும். அது ஏழாவது கழுத்தெலும்பு. அதிலிருந்து காதின் முன்மடல் வரை ஒரு கோடு, கிடைமட்டமாக ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே சுமார் 50 டிகிரிக்குக் குறைந்தால் தலை முன்தள்ளியிருப்பதாகக் கொள்வது வழக்கம். ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். களைத்த மாலையில் எடுத்த படமும் தூங்கி எழுந்த காலையில் எடுத்த படமும் ஒன்றாக இருக்காது.

குனிந்து கைப்பேசி பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. உண்மையா?

அந்த எண்கள் 2014இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து வந்தவை. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது. தலை நேராக இருக்கும்போது சுமார் 5 கிலோ, 15 டிகிரி குனிந்தால் 12 கிலோ, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ என்று அதில் வந்தது. மனிதர்களின் கழுத்துக்குள் கருவி வைத்து அளந்த எடை அல்ல. அதுவும் குனிவதைப் பற்றிய கணக்கு. தலை முன்னால் நகர்ந்திருப்பதைப் பற்றியது அல்ல.

கணக்கின் அடிப்படை சரிதான். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்து எத்தனை நேரம் நிற்க முடியும்? தலை முன்னால் போகப் போகப் பிடரித் தசைகள் கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பாரம் கூடுவது வேறு, கழுத்து கெட்டுப்போவது வேறு. தசையும் எலும்பும் பாரம் ஏற்றினால் வலுப்படுபவை. பழக்கமில்லாத பாரத்தை ஓய்வின்றிச் சுமப்பதுதான் தொல்லை. அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து கழுத்தை அசைக்காமல் வைத்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுதான் உண்மையான கெடுதல்.

என் கழுத்துவலிக்குக் காரணம் இதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தானே?

இருக்கலாம். ஆனால் இது மட்டுமே காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 17 வயதான 1,108 பேரின் உட்காரும் நிலையைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். 2016இல் முடிவு வந்தது: கழுத்து எப்படி இருக்கிறது என்பதற்கும் வலி இருக்கிறதா என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. 2019இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பெரியவர்களில் கழுத்துவலி உள்ளவர்களுக்குத் தலை சற்றுக் கூடுதலாக முன்தள்ளியிருந்தது. பதின்வயதினரிடம் அந்த வேறுபாடு இல்லை.

வலியால் தலை முன்னால் வந்ததா, தலை முன்னால் வந்ததால் வலியா என்பதை இத்தகைய ஆய்வு சொல்லாது. தூக்கக் குறைவு, மனஅழுத்தம், உடற்பயிற்சி இல்லாமை, மணிக்கணக்கில் ஒரே நிலையில் இருப்பது ஆகியவையும் கழுத்துவலியோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் என்னிடம் வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?" என்றுதான். கோணம் அளப்பது அதற்குப் பிறகு.

எக்ஸ்ரேயில் "கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிட்டது, தேய்மானம் தொடங்கியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு 41 வயதுதான். கழுத்து போய்விட்டதா?

இல்லை. வலி இருக்கும்போது தசைகள் இறுகுவதாலும், எக்ஸ்ரே எடுக்கும்போது மோவாயைச் சற்றுத் தாழ்த்தி நின்றாலும்கூட வளைவு நேராகத் தெரியும். எந்த வலியும் இல்லாதவர்களிடமும் அது தென்படும்.

தேய்மானமும் அப்படியே. ஜப்பானில் கழுத்துவலியே இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் அது வெளியானது. அவர்களில் 87.6 சதவீதத்தினருக்குக் கழுத்து வட்டுகள், அதாவது எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருப்பவை, புடைத்திருந்தன. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அது இருந்தது. நரை போல, உடலின் வயதுக் குறி அது. கை மரத்தல், பலவீனம் போன்றவை சேர்ந்திருந்தால் கதை வேறு. ஆபத்து அறிகுறிகள் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

பிசியோதெரபிக்குப் போனால் என்ன செய்வார்கள்? கழுத்தை இழுத்து நேராக்கிவிடுவார்களா?

இழுத்து நேராக்க முடியாது. அப்படிச் செய்வதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பொதுவாக நான்கு வேலைகள் நடக்கும். முதலாவது, கழுத்தின் முன்புறத்தில் குரல்வளைக்குப் பின்னால், எலும்போடு ஒட்டியிருக்கும் ஆழ்தசைகளை எழுப்புவது. தலை முன்தள்ளியவர்களிடம் இவை பெரும்பாலும் சோர்ந்திருக்கும். அவற்றின் வேலையைக் காதுக்குப் பின்னிருந்து மார்பெலும்புக்கு ஓடும் கயிறு போன்ற தசை இழுத்துப்போட்டுச் செய்யும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் குவெண்டலின் ஜல் இதற்கென்று ஒரு சோதனையை வகுத்தார். பிடரிக்கு அடியில் ஒரு சிறு காற்றுப்பையை வைத்து, அதன் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டர் அளவில் 20இலிருந்து 30 வரை இரண்டிரண்டாக ஏற்றச் சொல்வார்கள். பலமான ஆண்கள்கூட 24ஐத் தாண்டத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, மேல்முதுகை நெகிழ்த்துவது. மேல்முதுகு கூனியே இறுகியிருந்தால் கழுத்து மட்டும் எப்படி நிமிரும்? மூன்றாவது, தோள்பட்டை எலும்பைப் பின்னும் கீழும் பிடித்துவைக்கும் தசைகளை வலுப்படுத்தி, இறுகிய மார்புத் தசையை நீட்டுவது. நான்காவது, நீங்கள் எங்கே, எப்படி, எத்தனை நேரம் உட்காருகிறீர்கள் என்பதை மாற்றுவது. கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சை முதல் சில வாரங்களில் வலியைக் குறைத்துப் பயிற்சிக்கு வழிவிடும். அதுவே சிகிச்சை முழுவதும் என்றால் பலன் நிலைக்காது.

அந்தப் பயிற்சிகளை எழுதிக் கொடுங்கள். யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நான் பெரும்பாலோருக்குக் கொடுக்கும் வரிசையைச் சொல்கிறேன். வலி கைக்கு இறங்கினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிடுங்கள்.

முதலில் 'ம்' கொட்டும் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டுவோமே, அந்த அளவுக்கு மட்டும் மோவாயைக் கீழே அசையுங்கள். தலை துண்டைவிட்டு எழக் கூடாது. இரண்டு விரலைக் கழுத்தின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். கயிறு போன்ற அந்தத் தசை புடைத்தால் அசைவு பெரிதாகிவிட்டது என்று பொருள். 10 விநாடி பிடித்து, விட்டு, பத்து முறை. பார்ப்பவருக்கு நீங்கள் எதுவுமே செய்யாதது போலத் தெரியும். இவ்வளவு சிறிய அசைவில் என்ன பலன் என்று கைவிடுபவர்கள்தான் அதிகம். தயவுசெய்து கைவிடாதீர்கள், மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம்.

அடுத்து, உட்கார்ந்து மோவாயைப் பின்னால் இழுப்பது. எதிரே கெட்டுப்போன குழம்பை நீட்டினால் முகம் பின்வாங்குமே, அதுதான் அசைவு. பார்வை எதிரே இருக்க வேண்டும். மோவாய் மேலும் போகக் கூடாது, நெஞ்சில் குத்தவும் கூடாது. இரண்டு விநாடி, பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே செய்யலாம்.

மேல்முதுகுக்கு, குளியல் துண்டைச் சுருட்டி மேல்முதுகுக்குக் குறுக்கே வைத்து அதன்மேல் மல்லாந்து படுங்கள். கைகளைத் தலைக்கு மேலே நீட்டி ஐந்தாறு மூச்சு. மார்புத் தசைக்கு, கதவு நிலையில் முழங்கையை வைத்து ஒரு காலை முன்வைத்துச் சாயுங்கள். 30 விநாடி, மூன்று முறை. தோள்பட்டைக்கு, ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, துடுப்புப் போடுவது போல இழுப்பது. பன்னிரண்டு முறை வீதம் மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள்.

மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கடினமானது. மல்லாந்து படுத்து, முதலில் 'ம்' கொட்டி, அந்த நிலையைக் கலைக்காமல் தலையைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை மட்டும் தூக்கிப் பிடியுங்கள். கழுத்துத் தொல்லை இல்லாதவர்கள் ஏறக்குறைய அரை நிமிடம் பிடிக்கிறார்கள். ஐந்து விநாடியில் மோவாய் துருத்திக்கொண்டு வந்தால் அதுதான் இன்றைய உங்கள் அளவு. அங்கிருந்து ஏறுங்கள்.

எத்தனை நாளில் நேராகும்?

வலி குறைவது பெரும்பாலும் முதலில் நடக்கும், சிலருக்கு மூன்று வாரத்திலேயே. தசை வலுவில் மாற்றம் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம். ஆய்வுகளிலும் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கால அளவுக்கே இருக்கின்றன. அவற்றில் கழுத்துக் கோணம் ஓரளவு மேம்படுகிறது, வலியும் ஓரளவு குறைகிறது. கோணம் மாறாமல் வலி மட்டும் போனவர்களும் உண்டு. அதைத் தோல்வி என்று நான் எண்ணுவதில்லை.

கூனாமல் இருக்க முதுகில் மாட்டும் பெல்ட் வாங்கலாமா? கழுத்துக்கென்று விற்கும் தலையணை?

பெல்ட் வேண்டாம். மாட்டியிருக்கும்வரை தோளைப் பின்னால் இழுக்கும். கழற்றினால் பழைய இடத்துக்கே வரும். தன் வேலையைப் பட்டையிடம் ஒப்படைத்த தசை எப்படி வலுப்படும்?

தலையணையில் அளவுதான் முக்கியம், விலையல்ல. மல்லாந்து படுத்தால் மோவாய் நெஞ்சை நோக்கித் தள்ளப்படவோ வானத்தை நோக்கித் தூக்கவோ கூடாது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் அகலத்தை நிரப்பும் உயரம் வேண்டும். குப்புறப் படுத்தால் இரவு முழுவதும் கழுத்து ஒரு பக்கம் திரும்பியே கிடக்கும். அந்தப் பழக்கத்தை மட்டும் மாற்றப் பாருங்கள்.

கோடாலித் தைலம் தேய்த்து, முடிதிருத்தும் கடையில் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டால் எனக்குச் சரியாகிவிடுகிறது. தப்பா?

தைலத்தில் தப்பில்லை. இந்த ஊரிலேயே உருவான தைலம். என் வீட்டிலும் இருக்கிறது. தோலில் படும் குளிர்ச்சியும் வாசனையும் வலியைச் சற்று நேரம் மறக்க வைக்கும். வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. தசை வலுவை இரண்டும் மாற்றாது.

நெட்டி முறிப்பது வேறு. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாகத்தான் மேலே போகின்றன. தலையைச் சட்டென்று திருகும்போது அரிதாக அந்தத் தமனிச் சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் மீள்வது கடினம். முடிதிருத்துபவர் அன்போடு செய்கிறார், எனக்குத் தெரியும். "தலைக்கு மசாஜ் மட்டும் போதும், அண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

நான் தினமும் யோகா செய்கிறேன். போதாதா?

புஜங்காசனம் மேல்முதுகுக்கு மிகவும் நல்லது. ஆனால் பலர் அதில் மோவாயைத் தூக்கிக் கூரையைப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே பின்னால் மடங்கியிருக்கும் மேல்கழுத்து இன்னும் மடங்குகிறது. நெஞ்சு எழட்டும், பார்வை எதிர்த் தரையில் இருக்கட்டும். கழுத்துவலி உள்ளவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றைச் சில மாதம் தள்ளிவையுங்கள். 'ம்' கொட்டும் பயிற்சிக்கு ஈடான ஆசனம் எதையும் நான் பார்க்கவில்லை, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியை உயர்த்தி வைத்தேன், நாற்காலியும் மாற்றினேன். இன்னும் மோவாய் துருத்துகிறது. ஏன்?

கண்ணாடி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் புரோகிரசிவ் கண்ணாடி அணிகிறார்கள். தூரத்தில் இருப்பதையும் கிட்டத்தில் இருப்பதையும் பார்க்க ஒரே கண்ணாடி அது. அதில் கிட்டத்தில் இருப்பதைப் படிப்பதற்கான பகுதி கண்ணாடியின் அடியில் இருக்கிறது. திரையை உயர்த்தினால், அந்த அடிப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கி முன்னால் நீட்டியாக வேண்டும். இப்படிப்பட்டவர்கள் திரையைத் தாழ்த்த வேண்டும், அல்லது கணினித் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி போட வேண்டும். கிட்டப்பார்வைக் குறைபாடு மிகுந்த இந்த ஊரில், கண் பரிசோதனை செய்துகொண்டதும் கழுத்துவலி குறைந்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மற்றவர்களுக்கு வழக்கமான அளவு: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், திரை ஒரு கை தூரத்தில், விசைப்பலகை தனியாக. சாப்பாட்டு மேசையில் வேலை செய்பவர்களுக்கு நான்கு தடித்த புத்தகமே போதும்.

மகனுக்கு 13 வயது. எப்போதும் கைப்பேசிதான். "நிமிர்ந்து உட்கார்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பின்மண்டையில் கொம்பு முளைக்கும் என்று வேறு செய்தியில் படித்தேன்.

அந்தக் கொம்புச் செய்தி 2019இல் உலகம் முழுவதும் பரவியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் சில எக்ஸ்ரேக்களில், பின்மண்டையில் எல்லோருக்கும் இருக்கும் சிறு எலும்பு மேடு சற்றுப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். அந்த ஆய்வில் யார் எவ்வளவு நேரம் கைப்பேசி பார்த்தார்கள் என்பதை அளக்கவே இல்லை. கைப்பேசியால் வந்தது என்பதற்குச் சான்று இல்லை. பிறகு அந்தக் கட்டுரைக்குத் திருத்தமும் வெளியானது. மகனின் மண்டையைத் தடவிப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

பதின்வயதில் கழுத்து நிலைக்கும் வலிக்கும் தொடர்பு தெரியவில்லை என்று மேலே சொன்னேன். எனவே அவனைத் திட்டாதீர்கள், அம்மா. வளரும் பிள்ளையின் உடலைப் பற்றி ஓயாமல் குறை சொன்னால் அவன் கூச்சப்பட்டு இன்னும் குறுகித்தான் போவான். பந்து விளையாட அனுப்புங்கள், நீச்சலுக்கு அனுப்புங்கள், நேரத்தோடு தூங்க வையுங்கள். புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தால் கண்ணைப் பரிசோதியுங்கள். வலி என்று அவனே வந்து சொன்னால் அப்போது அழைத்து வாருங்கள்.

பிடரியில் தொடங்கி நெற்றிவரை தலைவலி வருகிறது. இதுவும் கழுத்தால்தானா?

ஒரே பக்கமாக, பிடரியிலிருந்து ஏறி, கழுத்தைத் திருப்பினால் கூடும் தலைவலி கழுத்திலிருந்து வருவதாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் இத்தகைய தலைவலி உள்ள 200 பேரிடம் சோதனை நடத்தி 2002இல் வெளியிட்டார்கள். மேலே சொன்ன ஆழ்தசைப் பயிற்சியும் கைச்சிகிச்சையும் தலைவலியைக் குறைத்தன. ஓராண்டுக்குப் பிறகும் பலன் இருந்தது. வாந்தி, வெளிச்சம் தாங்காமை ஆகியவற்றோடு வந்தால் ஒற்றைத் தலைவலியாக இருக்கக்கூடும். அதிலும் கழுத்து வலிக்கும் என்பதால் குழப்பம் நேர்கிறது. மருத்துவர் பிரித்துச் சொல்வார்.

நாள் முழுவதும் மோவாயை உள்ளே இழுத்து நிமிர்ந்தே இருந்தேன். வலி கூடிவிட்டது! நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன்?

நான் சொன்னது பயிற்சி. நீங்கள் அதை நிலையாக்கிவிட்டீர்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் பத்து முறை எடை தூக்குகிறோம். அதற்காக எடையைத் தூக்கிக்கொண்டே அலுவலகம் போகிறோமா? சரியான ஒரே நிலை என்று ஒன்று இல்லை. மிகச் சரியாக நிமிர்ந்து இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பவருக்கும் வலிக்கும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுங்கள். சாயுங்கள், எழுங்கள், தண்ணீர் குடிக்கப் போங்கள். கொஞ்சம் கூனி உட்காருவதும் ஓய்வுதான்.

என் வேலையே கீழே பார்ப்பதுதான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறேன். வேலையை விடவா?

வேண்டாம், ஐயா. கப்பல் அருகே நிற்கும் உயரமான பாரந்தூக்கியில் ஓட்டுநர் கண்ணாடித் தரை வழியாகக் காலுக்கடியில் பார்த்தே கொள்கலனைத் தூக்க வேண்டும். அங்கே போய்த் திரையை உயர்த்துங்கள் என்றால் அதற்குப் பொருளே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கோணத்தைத் திருத்துவதைவிட, குனிந்த நிலையைத் தாங்கும் வலுவை ஏற்றுவதே வழி. பிடரித் தசைக்கும் பயிற்சி தேவை: பின்தலையில் கையைக் கோத்து, தலை பின்னால் தள்ள, கை தடுக்க, ஐந்து விநாடி வீதம் பத்து முறை. லாரிக்காகக் காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் இருக்கையில் சாய்ந்து மோவாயைப் பின்னால் இழுங்கள். இடுப்பிலிருந்து முன்சாய்ந்து பார்த்தால் கழுத்து வளைவது குறையும்.

பூக்கட்டும் அக்காமார், நகைத்தொழில் செய்பவர்கள், தையல்காரர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். அவர்களுக்கு ஒரு வசதி உண்டு: வேலையை உயர்த்த முடியும். மடியில் வைத்துக் கட்டிய மாலையை நெஞ்சு உயரத்தில் கொக்கி மாட்டிக் கட்டத் தொடங்கிய ஓர் அம்மா, பாதி வலி போய்விட்டது என்றார்.

பிடரியில் மேடு போல வளர்ந்திருக்கிறது. பயிற்சி செய்தால் கரையுமா?

தலை முன்தள்ளியதால் எலும்பு துருத்தித் தெரிகிறது என்றால் பயிற்சியால் ஓரளவு குறையும். மெத்தென்று கொழுப்புப் போல இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மருந்தை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கும் இது வரும். முகமும் உப்பி வட்டமாகும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மூட்டுவலி, கழுத்துவலிக்கு "இயற்கை மருந்து" என்று விற்கும் சில மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. விழுங்கினால் வலி மாயமாக மறையும். அதனால்தான் தொடர்ந்து விழுங்குகிறார்கள். நீங்கள் அப்படி எதையாவது எடுத்துவந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

சிங்கப்பூரில் யாரிடம் போவது? செலவு தாங்குமா?

பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்து, அவர் பரிந்துரைத்தால் மானியக் கட்டணத்தில் பிசியோதெரபி கிடைக்கும், காத்திருக்க வேண்டியிருக்கலாம். தனியாரிடம் பரிந்துரை இல்லாமலே போகலாம், செலவு கூடும். எங்கே போனாலும், அவர் துணை மருத்துவத் துறையினருக்கான அரசாங்கப் பதிவு மன்றத்தில் பதிந்தவரா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்டுகள் அதில் பதிந்திருப்பது இங்கே சட்டப்படி கட்டாயம்.

முதல் நாளிலேயே பெரிய தொகைக்கு இருபது, முப்பது அமர்வுகளை மொத்தமாக வாங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல சிகிச்சையில் நீங்களே செய்யக் கற்றுக்கொள்வதுதான் பெரும்பகுதி.

எந்த அறிகுறி வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, நடையில் தள்ளாட்டம், கையிலோ காலிலோ பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழப்பது. இவை தண்டுவடம் நசுங்குவதைக் காட்டலாம், தள்ளிப்போடக் கூடாது. விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ சேர்ந்த வலி, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரே முதலில்.

இதுவரை காணாத கடுமையான கழுத்துவலியோ தலைவலியோ திடீரென வந்து, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் 995ஐ அழையுங்கள். இளைஞர்களுக்கு ஒன்று: காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் சரியாகிறது என்றால் அது அழற்சி வாதமாக இருக்கலாம். சோதனை செய்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. சுவர் சோதனையில் நான்கு விரல் இடைவெளி. இந்த வயதில் நேராக்க முடியுமா?

முதலில் அவருடைய உயரத்தை அளந்து, பழைய உயரத்தோடு ஒப்பிடுங்கள். 4 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால், எலும்பு மெலிந்து முதுகெலும்புகள் நசுங்கியிருக்கக்கூடும். பலருக்கு வலியே இல்லாமல் இது நடக்கிறது. எலும்பு அடர்த்திச் சோதனைக்கு மருத்துவரிடம் கேளுங்கள். அது தெரியும்வரை முன்னால் குனியும் பயிற்சி எதுவும் வேண்டாம், துண்டைச் சுருட்டி முதுகுக்குக் கீழே வைக்கும் பயிற்சியும் வேண்டாம்.

எலும்பே வடிவம் மாறியிருந்தால் கழுத்தை அழுத்தி நேராக்க முயலக் கூடாது. ஆனால் முதுகுத் தசையையும் காலையும் வலுப்படுத்தலாம். கீழே விழாமல் இருக்க அது பெரிதும் உதவும். சுவரோரம் நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்குப் பின்னால் ஒரு சிறு தலையணை வைத்து, அதைப் பின்தலையால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து விநாடி, எட்டு முறை, காலையும் மாலையும். இரவில் ஒற்றைத் தலையணையில்தான் படுக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் கேட்க வேண்டாம். அம்மாவின் தலை பின்னால் தொங்காமல் இருக்க இரண்டு தலையணை தேவைப்பட்டால் இரண்டு வையுங்கள்.